பட்டினியில் காட்டிய முகம்

சியங் மாய்
ஏப்ரல் 18

அன்புள்ள ஹிசாயே அக்கா,

இரண்டு வருடக் கோபத்தை மூட்டை கட்டிவிட்டு எழுதுகிறேன். சொங்ரான் புத்தாண்டு விடுமுறைக்கு எல்லோரும் ஊருக்குப் போயிருந்தபோது மின்சாரம் போய், உறைபெட்டி முழுக்க உருகிவிட்டது. பூஞ்சை போல இழைவிடுமே என் மண் பாக்டீரியா, அந்த ஆக்டினோமைசீட், ஒரு குழாயில்கூட உயிரோடு இல்லை. புதிய பேரினம்தான் என்று என் கட்டுரையை ஆய்விதழில் இப்போதுதான் ஏற்றுக்கொண்டார்கள். உயிருள்ள வளர்ப்பு இரண்டு நாட்டுச் சேமிப்பகங்களில் இருந்தால்தான் பெயர் செல்லுபடியாகும். இல்லையென்றால் ஒன்பது வருட உழைப்பு மண்தான்.

இரண்டு வருடம் முன்பு இதையே உங்களுக்கு அனுப்பியபோது, "இது எங்கயும் கிடைக்கிற ஸ்ட்ரெப்டோமைசிஸ்தாம்மா" என்றீர்கள். "அப்போ தூக்கிக் குப்பையில போடுங்க" என்று போனை வைத்தேன். போட்டுவிட்டீர்களா?

வன்னிடா

கியோத்தோ
மே 9

அன்புத் தங்கைக்கு,

போடவில்லை. ஆய்வில் செத்த நுண்ணுயிர்களுக்காக நாங்கள் கோயில் நினைவுக்கல்லில் ஊதுபத்தி ஏற்றுவது உனக்குத் தெரியும். கோபத்தில் கொன்றதற்காக அங்கே என்ன சொல்லிக் கும்பிடுவது? அலமாரி மூலையில் வைத்துவிட்டேன்.

உன் கடிதம் கண்டு எடுத்தேன். வளர்ப்புத் தட்டு காய்ந்து கிடந்தது. நுண்ணோக்கியில் பார்த்தால் இழை நுனிகளில் குட்டிக் குட்டி வித்துப் பைகள். ஸ்ட்ரெப்டோமைசிஸுக்கு ஏது பை? அன்று சத்தான உணவை அள்ளிக் கொடுத்துவிட்டு, நாலே நாளில் தீர்ப்புச் சொன்னேன். இது பட்டினி கிடந்தால்தான் முகம் காட்டுகிறது. பக்கத்து மேசைக்காரர் எட்டிப் பார்த்து, "ஹிசாயே சான், ரெண்டு வருஷமா அந்தப் பொண்ணைத் தப்பாத் திட்டியிருக்கீங்க" என்று சிரிக்கிறார். மன்னித்துவிடு.

புதுத் தட்டில் முளைத்துவிட்டது. இரண்டு குழாய் உனக்கு, இரண்டு இங்கே.

ஹிசாயே

சியங் மாய்
டிசம்பர் 2

அக்கா,

குழாய் வந்து, அதிலிருந்து வளர்த்த தட்டைத் திறந்ததும் மண்வாசனை வந்த அன்று போனில் அழுதே தீர்த்தேன். நன்றி சொல்ல மறந்துவிட்டேன். இப்போது சொல்கிறேன், மனசார.

பட்டினி விஷயத்தைக் கட்டுரை விவரிப்பில் சேர்த்தேன். அடுத்த ஊதுபத்திக்கு நானும் வருகிறேன். என் உறைபெட்டியில் செத்தவற்றுக்கும் ஒன்று ஏற்ற வேண்டும்.

இன்னொன்று. பேரினத்துக்கு உங்கள் பெயரை வைத்துவிட்டேன். "எனக்கெதுக்கும்மா இதெல்லாம்" என்பீர்கள் என்றுதான் அச்சாகும்வரை வாயைத் திறக்கவில்லை. பெயர் வைக்கும் விதி உங்களுக்கே தெரியும். அச்சான பெயரைப் பிடிக்கவில்லை என்று யாரும் மாற்ற முடியாது, நாம் மறுபடி சண்டை போட்டுக்கொண்டாலும்.

உங்கள் வன்னிடா