கிளினிக் நோன்பு

ஜமாலியா, திருகோணமலை.
வியாழக்கிழமை, ழுஹர் தொழுகைக்குப் பிறகு.

அன்பு மகன் பாஹிமுக்கு,

அஸ்ஸலாமு அலைக்கும். நீங்களும் ரிப்காவும் சின்ன மகளும் அல்லாஹ்வின் காவலில் நோய்நொடி இல்லாமல் இருப்பீர்கள் என்று நினைத்துக்கொண்டு உம்மா எழுதுகிறேன். நாங்களும் இங்கே அப்படியே என்று அடுத்த வரி வர வேண்டும், ஆனால் இன்றைக்கு அதை எழுத மாட்டேன், இரண்டு வருஷமாகப் போனில் அதைத்தான் சொல்லிச் சொல்லி இந்த இடத்துக்கு வந்து நிற்கிறோம். வட்ஸ்அப் இருக்கும்போது உம்மாவுக்கு ஏன் இந்தக் கடிதம் எழுதுகிற வேலை என்று யோசிப்பீர்கள். போன் அடித்தால் வாப்பா ஸ்பீக்கரைப் போடச் சொல்லிக் கதிரையைப் பக்கத்தில் இழுத்துக்கொள்கிறார், குசினிக்குள் நின்று குசுகுசுத்தாலும் கேட்டுவிடுவார், அவருக்குக் காலில்தான் உணர்வு இல்லை, காது இன்னும் பாம்புக் காது. இப்போது சாப்பிட்டுவிட்டுப் படுத்திருக்கிறார், எழும்புவதற்குள் எழுதி முடிக்க வேண்டும். அடுத்த வீட்டு நிப்றாஸ் லீவு முடிந்து நாளைக்கு தோஹாவுக்கு வெளிக்கிடுகிறான், மாசித்தூள் போத்தலோடு இதையும் அவன் கையில் கொடுத்து விடுகிறேன். இறக்கக்கண்டியில் இருக்கிற தங்கச்சி சனூஸாவுக்கு ஒன்றும் சொல்லவில்லை, அவளுக்கு வயிற்றில் ஏழு மாதம், இந்த நேரத்தில் அவள் கேட்கிற கதை இல்லை இது, நீங்களும் சொல்லிவிடாதீர்கள்.

வாப்பாவுக்குக் காலில் சின்னக் காயம் என்று போன மாதம் சொன்னோம் அல்லவா, அது சின்னக் காயம் இல்லை மகன். ஒரு நாள் ஹாபர் பக்கம் யாருடையதோ வள்ளத்து எஞ்சின் பார்க்கப் போனார், வேலையை விட்டு ஐந்து வருஷம் ஆகியும் எஞ்சின் சத்தம் கேட்டால் அவருக்கு வீட்டில் இருக்க ஏலாது, உங்களுக்குத் தெரியும்தானே. பின்னேரம் வந்து வாசலில் செருப்பைக் கழற்றினார், ஒரு செருப்பு கழன்றது, மற்றது வரவில்லை. இழுத்துப் பார்த்துவிட்டு இதென்ன புள்ள செருப்பு ஒட்டிப்போச்சு என்று என்னைக் கூப்பிட்டார். குனிந்து பார்த்தால் துருப்பிடித்த ஆணி ஒன்று செருப்பின் அடியால் ஏறி உள்ளங்காலுக்குள் போயிருக்கிறது, அந்த ஆணியோடுதான் மனிசன் ஹாபரில் இருந்து வீடு வரைக்கும் நடந்து வந்திருக்கிறார், நோகவே இல்லையாம். அவர் சிரித்துக்கொண்டு உன்ட புருஷனுக்கு இரும்புக் கால் என்றார். நானும் அவரோடு சேர்ந்து சிரித்தேன், அதை இப்போது நினைத்தால் என் வாயில் நானே அடித்துக்கொள்ளலாம் போல இருக்கிறது. குச்சவெளியில் நாட்டு மருந்து செய்கிற பரிசாரியின் எண்ணெய் ஒரு கிழமை பூசினோம், பிறகு ஆஸ்பத்திரியில் மருந்து கட்டினோம், ஆறவில்லை. இப்போது இரண்டு விரல் கறுத்துப் போய்விட்டது. மணம் இருக்கிறது. ஜும்ஆவுக்குப் போகும்போது அத்தரைக் காலிலும் பூசிக்கொண்டு போனார், போன வெள்ளிக்கு முந்தின வெள்ளி தொழுகை சஃப்பில் பக்கத்தில் நின்றவர் ஒரு ஆள் இடம் விட்டுத் தள்ளி நின்றாராம், வீட்டுக்கு வந்து அதைச் சொல்லவில்லை, உடுப்பு மாற்றாமல் சுவரைப் பார்த்துக்கொண்டிருந்தார். நௌபர் ஹாஜியார் வீட்டுப் பெண்தான் எனக்குச் சொன்னா. போன வெள்ளி முழங்கால் நோகுது என்று பள்ளிக்கே போகவில்லை.

சேர்ஜனிடம் காட்டிப் பத்து நாளாகிறது. அவர் சிங்கள டொக்டர், கோபக்காரர் இல்லை, ஆறுதலாகத்தான் சொன்னார், கிளினிக்கில் நர்ஸாக இருக்கிற சிவாஜினி மிஸ் எங்களுக்குத் தமிழில் விளங்கப்படுத்தினா. அன்புவழிபுரத்துப் பிள்ளை, தங்கமான பிள்ளை. டொக்டர் வாப்பாவின் சீனி வருத்தக் கொப்பியை முதல் பக்கத்தில் இருந்து புரட்டிப் பார்த்துவிட்டு, மூன்று வருஷமாகச் சீனி கட்டுப்பாட்டில்தான் இருந்திருக்கு, அப்படியிருந்தும் புண் ஆறவில்லை என்றால் காலுக்கு ரத்தம் போகிற குழாயில்தான் பிழை இருக்க வேண்டும், அப்படியென்றால் முழங்காலுக்குக் கீழே எடுக்க வேண்டி வரலாம் என்றாராம். சீனிதான் காரணம் என்றால் ஊசி போட்டுச் சீனியை இறக்கி, இரண்டு விரலோடு நிறுத்தப் பார்க்கலாமாம். வருகிற செவ்வாய்க்கிழமை முடிவு சொல்வாராம், மூன்று மாதச் சீனி என்று ஒரு ரத்தச் சோதனை இருக்கு, அதை வெளியே செய்துகொண்டு வாங்கோ என்று துண்டும் எழுதித் தந்தார். அந்தத் துண்டு எங்கே என்று வாப்பாவைக் கேட்டால் ஆஸ்பத்திரியிலேயே விழுந்திட்டுது என்றார். நேற்று உடுப்புக் கழுவும்போது சேட் பொக்கற்றுக்குள் நாலாக மடித்து இருந்தது. தண்ணீரில் பாதி எழுத்து போய்விட்டது, எடுத்துக் காயவைத்து ஒளித்து வைத்திருக்கிறேன்.

அவர் ஏன் அதை ஒளித்தார் என்று எனக்குத் தெரியும், உங்களுக்குத் தெரியாது, அதைச் சொல்லத்தான் இந்தக் கடிதம். கொப்பியில் இருக்கிறது எல்லாம் பொய் மகன், அந்தச் சோதனை மூன்று மாதத்துச் சீனியையும் காட்டிக் கொடுத்துவிடும். கிளினிக் நாளுக்கு மூன்று நாள் இருக்கும்போதே வாப்பா சோறை விட்டுவிடுவார், பாண் இல்லை, தேத்தண்ணிக்குச் சீனி இல்லை, காலையில் பாகற்காய்ச் சாறு, பகலுக்குக் குரக்கன் கஞ்சி அரைக் கோப்பை, இரவுக்கு வெறும் தண்ணீர். றமழானில் பிடிக்கிற நோன்பைவிட இது கடுமை, நாங்களே இதற்குக் கிளினிக் நோன்பு என்று பேர் வைத்துப் பகிடி பண்ணுவோம். நாலாம் நாள் விடியப் போய் நம்பர் எடுத்து ரத்தம் கொடுத்தால் நூற்றிப் பத்து, நூற்றி இருபதுதான் வரும். அங்கே சீனி பார்க்கிற டொக்டர் கொப்பியில் எழுதிவிட்டு என்னைப் பார்த்துச் சிங்களத்தில் ஹொந்தாய் அம்மா, நல்லாப் பார்க்கிறீங்க என்பார். வீட்டுக்கு வருகிற வழியிலேயே ஓட்டோவை நிறுத்தி வட்டிலப்பமும் சோடாவும் வாங்குவோம், நோன்பு திறக்கிறோமாம். முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைக்கிறது என்பார்கள், நாங்கள் சோற்றையே மறைத்தோம். சீனி நல்லம் என்று டொக்டர் குளிசையைக் கூட்டவில்லை, தந்த குளிசையிலும் இரவுக் குளிசை தலை சுற்றுது என்று வாப்பா பாதி நாள் குடிக்கிறதில்லை, அதை மாஜரின் டின்னுக்குள் போட்டுப் போட்டு டின் நிறைந்துவிட்டது. இவ்வளவும் எதற்கென்றால் ஊசிக்குப் பயம். கிண்ணியாவில் உங்கள் பெரியவாப்பாவுக்கு இன்சுலின் தொடங்கி ஒரு வருஷத்தில் கால் எடுத்தார்கள், ஆறு மாதத்தில் மவுத்தானார். அந்த ஊசிதான் காலை எடுத்தது என்று வாப்பா இன்றைக்கும் சத்தியம் பண்ணுவார். ஊசியைத் தள்ளிவைத்தால் கால் தப்பும் என்று நினைத்தார், நானும் அப்படித்தான் நினைத்தேன், பொய் சொல்லக் கூடாது, பாகற்காய் பிழிந்தது இந்தக் கைதான். டொக்டர் நல்லாப் பார்க்கிறீங்க என்று சொல்கிறபோது எனக்குப் பெருமையாகவும் இருந்தது.

இனி எழுதப் போகிறதை நீங்கள் கோபப்படாமல் வாசிக்க வேண்டும், கோபப்பட்டாலும் முழுக்க வாசியுங்கள். நீங்கள் அங்கே இருந்து சீனி பார்க்கிற மெஷின் அனுப்பினீர்கள், ஒவ்வொரு வெள்ளியும் அதில் காட்டுகிறதைப் போட்டோ எடுத்து அனுப்பச் சொன்னீர்கள். முதல் தடவை வாப்பாவின் விரலில் குத்திப் பார்த்தபோது முந்நூற்றிப் பன்னிரண்டு காட்டியது. மெஷின் பிழை என்றார், திரும்பக் குத்தினோம், முந்நூற்றி ஐந்து. இதை அனுப்பினால் பிள்ளை லீவு போட்டுக்கொண்டு ஓடி வரும், அங்க வேலை போயிடும், நீ ஒன்றும் அனுப்பாதே என்றார். நீங்களோ வெள்ளிக்கிழமை வந்தால் போட்டோ எங்கே உம்மா என்று கேட்டுக்கொண்டிருந்தீர்கள். அதனால் நான் என் விரலில் குத்தினேன். தொண்ணூற்றி எட்டு வந்தது, அதைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். அதற்குப் பிறகு ஒவ்வொரு வெள்ளியும் நீங்கள் பார்த்தது என் ரத்தம், ஒரு தடவையாவது வாப்பாவுடையது இல்லை. மாஷா அல்லாஹ், உம்மா இருக்கிறதால வாப்பாவைப் பற்றி எனக்குப் பயமில்லை என்று எழுதினீர்களே, அதை வாப்பாவுக்கு வாசித்தும் காட்டினேன். உங்களை ஏமாற்ற வேண்டுமென்று நினைத்துச் செய்யவில்லை, உங்கள் நித்திரை கெடக் கூடாது என்றுதான் செய்தேன். ஆனால் டொக்டரும் ஏமாந்தார், நீங்களும் ஏமாந்தீர்கள், இப்போது அந்தக் கொப்பியை நம்பித்தான் சேர்ஜன் காலை எந்த இடத்தில் வெட்டுகிறது என்று முடிவெடுக்கப் போகிறார்.

போன கிழமை, இந்த முறை உள்ளதைச் சொன்னால் என்ன என்று மெதுவாக வாப்பாவைக் கேட்டுப் பார்த்தேன். இத்தனை வருஷம் என்னை அடிக்கக் கை ஓங்காத மனிசன், கோப்பையைத் தூக்கி முற்றத்தில் எறிந்தார். டொக்டரிட்ட என்ன மானங்கெடுத்தினியென்றா அன்றையோட உனக்கும் எனக்கும் கதை முடிஞ்சுது, நான் மவுத்தானாலும் மையித்துக்குப் பக்கத்திலயும் நீ வரப்படாது என்றார். அன்றைக்குப் பிறகு நான் வாய் திறக்கவில்லை, அடங்கிவிட்டேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சனிக்கிழமை பாகற்காய் வாங்கு, மறந்திடாத என்று காலையிலும் சொன்னார். நான் வாங்கப் போவதில்லை. சனியும் ஞாயிறும் திங்களும் எப்போதும் போலச் சோறுதான் ஆக்குவேன், வேண்டுமென்றால் அவர் பட்டினி கிடக்கட்டும், என் கையால் இனிப் பிழிய மாட்டேன்.

சிவாஜினி மிஸ்ஸிடம் தனியாகப் போய் எல்லாம் சொன்னேன். திட்டுவா என்று நினைத்தேன், அந்தப் பிள்ளை என் கையைப் பிடித்துக்கொண்டு, அம்மா, நிறையப் பேர் இப்பிடித்தான் செய்யினம், ஆனா நீங்க இதை டொக்டரிட்ட நேரா சொல்ல வேணும், நான் சொன்னா அப்பா இல்லையெண்டு சாதிப்பார் என்றா. டொக்டருக்கு முன்னால் போனால் பாதி மறந்துவிடும், எல்லாவற்றையும் எழுதிக்கொண்டு வாங்கோ, குடிக்கிற குளிசை குடிக்காத குளிசை எல்லாவற்றையும் அள்ளிக்கொண்டு வாங்கோ, பரிசாரி எண்ணெயையும் கொண்டு வாங்கோ, அப்பாவின் கண்ணாடியை மறக்காதேங்கோ, எந்தக் காகிதத்திலும் வாசிக்காமல் கையெழுத்து வைக்க விடாதேங்கோ, கட்டை அவிழ்க்கச் சுகமாகச் சாரத்தோடு கூட்டி வாங்கோ என்று சொல்லித் தந்தா. அதன்படி ஒரு கொப்பித் தாளில் எழுதி வைத்திருக்கிறேன். வாப்பா அதைக் கண்டு வாசிக்கச் சொன்னார், எத்தனை நாள் ஆஸ்பத்திரியில் நிற்க வேண்டும், வீட்டில் யார் மருந்து கட்டுகிறது என்கிற கேள்விகளை மட்டும் வாசித்தேன். மேலே எழுதியிருக்கிற மூன்று வரியை வாசிக்கவில்லை. நோன்பும் குளிசை டின்னும் என் ரத்தமும் அந்த மூன்று வரியில் இருக்கிறது. உள்ளே போனவுடன் வாப்பா கொப்பியை நீட்டுவதற்கு முதல் அதை டொக்டரிடம் கொடுத்து, கொப்பியைப் பார்க்காதேங்கோ டொக்டர் என்று சொல்லப் போகிறேன். காயவைத்த துண்டையும் கொடுப்பேன். அதற்குப் பிறகும் காலை எடுக்கத்தான் வேண்டும் என்றால் அது அல்லாஹ் எழுதின கத்ர். என் பொய்யால் ஒரு சாண் கூடப் போகக் கூடாது.

மகன், செவ்வாய் வரைக்கும் வாப்பாவிடம் இதைப்பற்றி ஒரு சொல் கதைக்காதீர்கள், தெரிந்தால் கிளினிக்குக்கே வெளிக்கிட மாட்டார். எப்போதும் போல எடுங்கள், சாப்பிட்டீங்களா என்று கேளுங்கள், வையுங்கள். உடனே டிக்கட் போட்டு வரவும் வேண்டாம், தேவையென்றால் நானே கூப்பிடுவேன், இனி உங்களிடம் ஒளிக்க மாட்டேன். உங்களுக்கும் முப்பத்தெட்டு ஆகிறது, வாப்பாவின் உடம்புதான் உங்களுக்கும், ரிப்காவையும் கூட்டிக்கொண்டு போய் அந்த மூன்று மாதச் சீனியைச் சோதியுங்கள், அதற்கென்று முதல் நாள் வாயைக் கட்டாதீர்கள், தின்கிறதைத் தின்றபடி போய்க் காட்டுங்கள். சின்ன மகளுக்கு என் முத்தம். அல்லாஹ் உங்கள் மூவருக்கும் நீண்ட ஆயுளையும், உள்ளதை உள்ளபடி சொல்கிற வாயையும் தரட்டும். உங்கள் தொழுகையில் வாப்பாவின் காலுக்காகத் துஆச் செய்யுங்கள்.

எனக்கு ஒன்றே ஒன்றுதான் கேட்க இருக்கிறது. வாப்பா சொன்னால் சொன்னதுதான், உங்களுக்குத் தெரியும். செவ்வாய்க்குப் பிறகு இந்த வீட்டில் அவர் என்னோடு கதைக்க மாட்டார். நீங்களாவது கதையுங்கள் மகன்.

இப்படிக்கு,
உங்கள் உம்மா
மைமூனா