சுண்ணாம்பு தடவிய சக்கரம்

என் செல்லாயிக்கு,

நீ இருக்கும் இடத்தில் மேடும் பள்ளமும் இல்லாதிருக்கட்டும்.

வருகிற மாதத்தோடு நீ போய் ஒரு வருஷம் ஆகிறது. கோப்பிச் சாக்குகளில் தோட்டத்துப் பெயர் எழுதி எழுதிப் பழகிய எழுத்து இது. கோணலாகத்தான் இருக்கும், பொறுத்துக்கொள். உன் தெவசத்தன்று கண்டி வண்டிப்பேட்டையில் எல்லாருக்கும் கேட்கும்படி இதைப் படிக்கப் போகிறேன். ஏன் என்று உனக்குத் தெரியும். அங்கே நிற்பவர்களில் பலருக்குத் தெரியாது.

நம் மகள் பொன்னி நலம். உன் சேலையைத்தான் உடுத்துகிறாள். மடுல்கெல்லைத் தோட்டத்தில் கோப்பி இலையின் அடியில் மஞ்சள் பொடி நோய் படிகிறது, துரைமார் முகத்தில் சிரிப்பில்லை. நம் வண்டி இன்னும் ஓடுகிறது. தோட்டத்திலிருந்து கண்டி ரயில் நிலையம் வரை சாக்கு ஏற்றுகிறேன்.

அந்த வண்டியை நான் வாங்கும்போதே அது பழசு. அது நடுங்கத் தொடங்கிய வருஷம் நினைவிருக்கிறதா? இறக்கத்தில் வந்தால் பல்லோடு பல் மோதும். சாக்குகள் ஒன்றோடொன்று உரசித் தையல் விடும். வண்டி எப்போதும் இடப்பக்கமே இழுக்கும். இடது சக்கரத்தின் இரும்புப் பட்டை உள்விளிம்பில் மட்டும் தேய்ந்து கத்திபோல ஆகிவிட்டது. அம்பிட்டிய ஆசாரியார் இரண்டு தடவை புதுப் பட்டை போட்டார். இரண்டும் அதே இடத்தில் தேய்ந்தன.

பேட்டையில் எல்லாரும் ஒரே பேச்சு. இடது மாடு சோம்பேறி, அது பின்தங்குவதால் வண்டி கோணுகிறது, கோணுவதால் தேய்கிறது, தேய்வதால் ஆடுகிறது. நானும் நம்பினேன். இடது மாடு கறுப்பனைக் கசாப்புக்குக் கொடுப்பதாகச் சொல்லிவிட்டு வீட்டுக்கு வந்தேன்.

நீ சோற்றுப் பானையை இறக்கிவைத்துவிட்டு என்னைப் பார்த்தாய்.

"மாட்டை வலப்பக்கம் கட்டிப் பாத்தீங்களா?"

"அது எதுக்கு?"

"குத்தம் மாட்டோடதுன்னா, வண்டி வலப்பக்கம் இழுக்கணுமில்ல?"

மறுநாள் மாடுகளை மாற்றிப் பூட்டினேன். நீயும் கூடவே வந்தாய். வண்டி முன்போலவே இடப்பக்கம் இழுத்தது. கறுப்பன் வலப்பக்கத்தில் கழுத்து நரம்பு புடைக்க இழுத்துக்கொண்டிருந்தான். எனக்கு வெட்கமாக இருந்தது. நீ முந்தானை ஓரத்தைக் கிழித்து இடது சக்கரத்தின் ஓர் ஆரக்காலில் கட்டினாய்.

பன்விலையிலிருந்து இறக்கம் முழுக்க வண்டியோடு நடந்தாய். சேறு முழங்கால்வரை. துணி கீழே வரும்போதெல்லாம் வண்டி ஒரு உதறு உதறியது. துணி மேலே போனால் அமைதி.

"ஒரு சுத்துக்கு ஒரு தடவை, அதே எடத்துலதான் குதிக்குது. சக்கரத்துல அந்த எடத்துல ஏதோ இருக்குங்க."

"அப்போ தேயிறதும் அதனாலதான்" என்றேன்.

"இருங்க, அவசரப்படாதீங்க."

கண்டியில் சாக்குகளை இறக்கியதும் சமதரையில் வண்டியை நிறுத்தச் சொன்னாய். வெற்றிலைப் பையிலிருந்து சுண்ணாம்பை எடுத்துப் பட்டை முழுவதும் பூசினாய். சக்கரம் இரண்டு சுற்று சுற்றும் தூரம் வண்டியை உருட்டினோம். உள்விளிம்பில் மட்டும் சுண்ணாம்பு அழிந்திருந்தது. பிறகு வண்டியை மரக்கட்டையில் முட்டுக் கொடுத்து, கடையாணிகளைக் கழற்றி, இடது சக்கரத்தை வலப்பக்கமும் வலதை இடப்பக்கமும் மாட்டச் செய்தாய். பேட்டையே கூடி நின்று சிரித்தது. மறுபடி சுண்ணாம்பு, மறுபடி உருட்டல்.

உதறல் சக்கரத்தோடு வலப்பக்கம் போய்விட்டது. ஆனால் இடப்பக்கம் மாட்டிய நல்ல சக்கரத்தில், சுண்ணாம்பு உள்விளிம்பில்தான் அழிந்தது.

நீ குந்தி உட்கார்ந்து அழிந்த இடத்தை விரலால் தடவினாய். பிறகு நிமிர்ந்து, "ரெண்டு நோய்ங்க. நாம ஒண்ணுன்னு நெனச்சு வைத்தியம் பாத்துக்கிட்டிருக்கோம். ஆடுறது சக்கரத்தோட கோளாறு. இழுக்குறதும் தேயிறதும் அச்சோட கோளாறு" என்றாய்.

சிரித்தவர்கள் சிரிப்பை நிறுத்திய அந்தக் கணத்தை நான் மறக்கவில்லை. எழுத்து தெரியாத நீ இதை எங்கிருந்து யோசித்தாய், செல்லாயி?

ஆசாரியார் முதலில் ஒப்பவில்லை. "பட்டை போட்டாப் போதும்மா, அச்செல்லாம் நல்லாத்தான் இருக்கு" என்றார்.

"மூணாவது பட்டையையும் இதே மாதிரி தின்னுடும் ஆசாரியாரே. ஒரு தடவை கழட்டிப் பாருங்க."

கழற்றினார். பட்டைக்கு அடியில் சக்கரத்தின் வளைமரத்தில் ஒரு துண்டு உள்ளே உளுத்து, பட்டை அங்கே பள்ளமாக இறங்கியிருந்தது. இரும்பு அச்சின் இடது முனை மேல்நோக்கி வளைந்திருந்தது. நிமிர்த்துவதற்காக மசகைத் துடைத்தவர் கையை அப்படியே நிறுத்தினார். வளைந்த இடத்தில் மயிரிழை போல ஒரு விரிசல், அச்சின் பாதித் தடிமன்வரை ஓடியிருந்தது.

"இன்னும் ரெண்டு பாரம் தாங்கியிருக்காது. பன்விலை இறக்கத்துல ஒடைஞ்சிருந்தா ஆளே மிஞ்சியிருக்க மாட்டீங்க" என்றார்.

நீ என் கையைப் பிடித்தாய். பேட்டையில், அத்தனை பேர் முன்னால்.

உளுத்த துண்டு மாறியது, புது அச்சு வந்தது. கறுப்பன் தப்பினான். சக்கரம் தண்ணீரில் மிதப்பதுபோல ஓடியது. இனி நான் எழுத வேண்டியதுதான் கடினமானது.

கோப்பி ஸ்டோர் கணக்கப்பிள்ளை, தையல் விடாத சாக்குகளைத் தடவிப் பார்த்து, "யாரப்பா இதைக் கண்டுபிடிச்சது?" என்று கேட்டார். நீ மாட்டுக் கயிற்றைப் பிடித்துக்கொண்டு எனக்குப் பின்னால் நின்றாய். "நான்தானுங்க ஐயா" என்றேன். அவர் என் தோளில் தட்டினார். துரையிடமும் சொன்னார். பழைய வண்டிகளையெல்லாம் என்னிடம் காட்டச் சொன்னார்கள். அன்று கண்ணால் பார்த்த பேட்டைக்காரர்களும் போகப்போக என் பேரையே சொன்னார்கள். திரும்பும் வழியெல்லாம் நீ கோபித்துக்கொள்வாய் என்று பயந்தேன். நீ பொன்னியின் காதுகுத்தைப் பற்றிப் பேசிக்கொண்டு வந்தாய். அன்று ஒரு வார்த்தை திட்டியிருக்கலாமே?

காய்ச்சலில் உன்னைக் கண்டிக்கு ஏற்றி வந்ததும் அந்த வண்டியில்தான். அந்த இறக்கம் முழுக்க உன் தலை ஒரு தடவைகூட அதிரவில்லை. நீ நன்றாகத் தூங்கினாய். வைத்தியராலும் எழுப்ப முடியவில்லை.

போன வாரம் குண்டசாலையிலிருந்து ஒருவர் வண்டி கொண்டுவந்தார். "அண்ணே, நீங்க கண்டுபிடிச்ச சுண்ணாம்பு வேலையக் கொஞ்சம் செஞ்சு பாருங்க" என்றார். இத்தனை நாள் தலையாட்டிய எனக்கு அன்று முடியவில்லை.

"இது நான் கண்டுபிடிச்சதில்ல தம்பி. என் சம்சாரம் செல்லாயி கண்டுபிடிச்சது."

"பொம்பளையா?" என்று சிரித்தார். வண்டிக்குள் இருந்த அவர் மனைவி சட்டென்று இறங்கி வந்து, "எனக்குச் சொல்லிக் குடுங்கண்ணே, நான் பூசுறேன்" என்றாள். பூசினாள். கோளாறையும் அவளே சரியாகச் சொன்னாள்.

உன் தெவசத்துக்குக் கணக்கப்பிள்ளையை அழைத்திருக்கிறேன். வராவிட்டால் ஸ்டோர் வாசலுக்கே போய், அவர் கண்ணைப் பார்த்து, அன்று நான் பொய் சொன்னேன் என்பேன். துரை கேட்டாலும் அதையே சொல்வேன். இது உன்மேல் சத்தியம்.

உன் பேரைச் சொல்ல இத்தனை காலம் எடுத்துக்கொண்ட
உன் வீட்டுக்காரன்,
மாரிமுத்து