சாக்குப் போர்த்திய காளை

கோச்சடை, மதுரை
20-1-1981

அன்புள்ள உக்கிரபாண்டிக்கு,

இங்கு அனைவரும் நலம். உன் நலமும், அன்னக்கொடியின் நலமும், உன் மயிலைக்காளையின் நலமும் அறிய ஆவல். காளையை ஏன் விசாரிக்கிறான் என்று நினைப்பாய். சொல்கிறேன்.

நாற்பத்துமூன்று வயதில் நான் ஓவியம் கற்றுக்கொள்வது உனக்குத் தெரியும். துரதிர்ஷ்டவசமாக ஆபீஸிலும் தெரியும். ஹெட்கிளார்க் ஓய்வு பெற்றபோது வாழ்த்து மடலில் ஒரு சிங்கம் வரைந்து கொடுத்தேன். அவர் கண்ணாடியைத் துடைத்து மாட்டிக்கொண்டு, "ஆடு அம்சமா இருக்கு, பசுபதி" என்றார். அன்று முதல் எனக்கு ஆபீஸில் வழங்கும் பெயரை இங்கே எழுதப்போவதில்லை.

மாலை வகுப்பு நடத்தும் மலையாண்டிக்கு இருபத்தாறு வயது. என்னை 'சார்' என்று கூப்பிடுகிறார். மரியாதை அந்தச் சொல்லோடு முடிந்துவிடுகிறது. போன வாரம் நான் வரைந்த பசுவை வெகுநேரம் பார்த்துவிட்டு, "சார், இது மாடு இல்ல. மாட்டைப் பத்தி நீங்க கேள்விப்பட்டது" என்றார். நான்கு கால், இரண்டு கொம்பு, ஒரு வால் என்று இருப்புப் பதிவேட்டைச் சரிபார்ப்பது போல வரைகிறேனாம். உயிருள்ள மாட்டின் முன்னால் போய் உட்கார வேண்டுமாம்.

சித்திரைப் பொருட்காட்சியில் எங்கள் வகுப்புக்கு ஒரு சுவர் கிடைத்திருக்கிறது. பங்குனி முடிவதற்குள் சொந்தக் காலில் நிற்கிற ஒரு விலங்கை நான் வரைந்துவிட்டால் அதில் மாட்டுவார்கள். இல்லாவிட்டால் என்னைப் பழக்கூடை வரைகிற வகுப்புக்கு மாற்றிவிடுவார்கள். அதில் மற்ற எல்லோரும் ஆறாம் வகுப்புப் பிள்ளைகள்.

கோச்சடையில் மாடுகளுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் வேலையாகப் போகிற மாடுகள். நிற்பதில்லை. ஞாயிறுதோறும் உன் காளையை வரைய வரட்டுமா? கல்லூரி விடுதியில் மூன்று வருடம் உன் குறட்டையைச் சகித்தவன் என்ற உரிமையில் கேட்கிறேன். ஞாயிற்றுக்கிழமைகளில் நான் வீட்டில் இல்லாமல் போவதை ஸ்யாமளா மனப்பூர்வமாக ஆதரிக்கிறாள்.

உன்,
பசுபதி

----

கொட்டாம்பட்டி
27-1-1981

அன்புள்ள பசுபதி,

கடிதம் கிடைத்தது. தாராளமாக வா. இதற்கு ஒரு இன்லண்டு லெட்டர் எதற்கு? நேரே மேலூர் வழி பஸ் ஏறியிருந்தால் இந்நேரம் பாதி மாடு முடிந்திருக்கும்.

வருவதற்கு முன் நீ யாருடைய காளையை வரையப்போகிறாய் என்று தெரிந்துகொள். போன சித்திரையில் சந்தையில் நானே பார்த்துப் பிடித்தது. மாட்டின் உடம்பில் மயிர் சுழித்திருக்கிற இடங்களைப் பார்த்து, இந்தச் சுழி வீட்டுக்கு ஆகும், இது ஆகாது என்று சொல்ல, சுற்றுப்பட்டில் என்னைத்தான் கூப்பிடுகிறார்கள். வரலாற்றில் பி.ஏ. வாங்கியதற்குக் கிடைக்காத மரியாதை மாட்டு முதுகில் கிடைத்திருக்கிறது. நான் சொல்லித் தப்பாகிப்போன மாடு என்று இதுவரை பேச்சு இல்லை. எனக்கு இருக்கிற ஒரே சொத்து அதுதான். நிலம் எல்லோருக்கும் இருக்கிறது.

காளைக்குப் பின்னால் நிற்காதே. குடை விரிக்காதே. முதுகில் ஒரு சாக்கு போர்த்தியிருக்கும், அதை எடுக்காதே. காளைக்குப் பனி ஆகாது.

அன்னக்கொடி உனக்குக் கோழி அடிப்பதா, கத்தரிக்காயா என்று கேட்கிறாள். கத்தரிக்காய் என்று நானே சொல்லிவிட்டேன்.

உன்,
உக்கிரபாண்டி

----

கொட்டாம்பட்டி
24-2-1981

அன்புள்ள பசுபதி,

நான்கு ஞாயிறு வந்துபோய்விட்டாய். நேரில் சொன்னால் அன்னக்கொடி முன்னால் உனக்குச் சங்கடம் என்பதால் எழுதுகிறேன்.

முதல் ஞாயிறு காளையைப் பார்த்து "ஒன் மினிட், ப்ளீஸ்" என்றாய். அதற்கு இங்கிலீஷ் தெரியாது என்று நான் சொன்ன பிறகும் சொன்னாய். இரண்டாவது ஞாயிறு உன் ரப்பரை அது தின்றது. மறுநாள் முழுக்க அதன் பின்னால் நான்தான் நடந்தேன். மூன்றாவது ஞாயிறு, வெளிச்சம் மாறிவிட்டது, காளையைத் திருப்பிக் கட்டு என்றாய். கட்டினேன். தொழுவத்தையும் திருப்ப முடியுமா என்று கேட்டாய்.

நீ வரைந்ததைப் பக்கத்து வயல் கருத்தக்கண்ணன் வந்து பார்த்தான். அவன் கேட்டதை அப்படியே எழுதுகிறேன். "அண்ணே, இது காளையா, கட்டிலா?"

"காளைதான்டா."

"ஆறு காலு இருக்கே. கட்டிலுக்கே நாலுதான்ணே."

ஆறு கால் இருப்பது உண்மை. நானும் எண்ணிப் பார்த்தேன். அதோடு கண்ணுக்கு மை வேறு தீட்டியிருக்கிறாய். கல்யாணத்துக்குப் புறப்பட்ட பெண் மாதிரி என்னைப் பார்க்கிறது. அந்தப் படத்தை யாரிடமும் காட்டாதே. காட்டினாலும் என் காளை என்று சொல்லாதே.

ஞாயிறு நான் உரம் வாங்க மேலூர் போகிறேன். நீ வழக்கம்போல வா. அன்னக்கொடி இருப்பாள்.

உன்,
உக்கிரபாண்டி

----

கோச்சடை
18-3-1981

அன்புள்ள உக்கிரபாண்டிக்கு,

ஆறு காலில் இரண்டு, அது எடுத்து வைத்த கால். நான் வரைந்து முடிப்பதற்குள் அது இடம் மாறினால் அதற்கு நானா பொறுப்பு? உன் காளை ஒரு நாளில் பதினேழு நிமிடம் அசையாமல் நிற்கிறது. கணக்குப் பார்த்திருக்கிறேன். அந்தப் பதினேழிலும் பத்து நிமிடம் நீ முன்னால் வந்து நின்று யோசனை சொல்கிறாய்.

எத்தனை சிரித்தாலும் ஒன்று சொல்வேன். இந்த ஏழு வாரத்தில் நான் மாடு பார்க்கக் கற்றுக்கொண்டேன். பின்னங்காலில் நான் முழங்கால் என்று இத்தனை காலம் நினைத்திருந்தது உண்மையில் கணுக்கால். முழங்கால் வயிற்றோடு ஒட்டி மேலே இருக்கிறது. நாற்பத்துமூன்று வருடம் மாடுகளுக்கு நடுவே ரோட்டைக் கடந்திருக்கிறேன், எனக்கு யாரும் சொல்லவில்லை.

இன்னொரு செய்தி. நீ மேலூர் போன அன்று, "அண்ணே, மாடு புழுங்குது, பாவம்" என்று அன்னக்கொடியே சாக்கை எடுத்துவிட்டாள். நான் தொடவில்லை, உன் நிபந்தனையை மீறவில்லை. அன்றுதான் காளையின் முதுகை முதல் தடவையாகப் பார்த்தேன். அதுவரை நான் வரைந்ததெல்லாம் சாக்கு. அன்றைக்கே ஆயில் பெயின்ட்டில் ஆரம்பித்து நேற்று முடித்தேன். நடுவில் வந்த இரண்டு ஞாயிறும் நீ சாக்குப் போர்த்தியே வைத்திருந்தாய். அதனால் கழுத்தையும் கால்களையும் மட்டும் சரி பார்த்துக்கொண்டேன்.

மலையாண்டி படத்தை வாங்கிச் சுவரில் சாய்த்தார். பிறகு இடது தொடைக்கு மேலே மயிர் சுழித்திருக்கும் இடத்தில் விரலை வைத்தார். "சார், இந்த இடத்தை நீங்க பாத்திருக்கீங்க" என்றார். இரண்டு வருடத்தில் அவர் என்னிடம் சொன்ன முதல் நல்ல வார்த்தை. படம் சுவருக்குத் தேர்வாகிவிட்டது. நுழைந்தவுடன் முதல் படம்!

டவுனுக்கு வந்தால் வீட்டுக்குப் போய்ப் பார். கால் நான்குதான், எண்ணிக்கொள்ளலாம்.

உன்,
பசுபதி

----

கொட்டாம்பட்டி
24-3-1981

அன்புள்ள பசுபதி,

நேற்று உன் வீட்டுக்குப் போனேன். நீ ஆபீஸில். ஸ்யாமளா காபி கொடுத்துப் படத்தைக் காட்டினாள். காபியைக் குடிக்காமல் வந்துவிட்டேன். காபியில் குறையில்லை என்று சொல்லிவிடு.

அந்தச் சுழியை அழித்துவிடு.

நீ கற்பனையாகப் போட்டிருந்தால் திட்டிவிட்டு விட்டிருப்பேன். அது இருக்கிறது. அதே இடத்தில், அதே பக்கம் திரும்பி இருக்கிறது. அதற்கு எங்கள் பக்கம் ஒரு பெயர் உண்டு, கடிதத்தில் எழுதக் கை வரவில்லை. மாட்டுக்காரனின் ஆயுளைப் பற்றிய பெயர். சந்தையில் அந்த இடத்தில் சாணி அப்பிக் காய்ந்திருந்தது. விற்றவன் தெரிந்தே அப்பியிருப்பான். நான் திமிலைப் பார்த்தேன், நெற்றியைப் பார்த்தேன், கொம்பைப் பார்த்துச் சொக்கிப்போய் ஓட்டிக்கொண்டு வந்துவிட்டேன். வீட்டில் குளிப்பாட்டும்போது சாணி கரைந்தது. அன்றைக்குப் போட்ட சாக்கு.

ஒரு வருடமாகச் சாகாமல்தான் இருக்கிறேன். ஆனால் அதைச் சொல்லி இங்கே யாரையும் நம்பவைக்க முடியாது. அவர்களை நம்பவைத்தவனே நான்தான். இதே சுழிக்காக மூன்று பேரை மாட்டைத் தள்ளிவிடச் சொல்லியிருக்கிறேன். அதில் ஒருவன் பேயாண்டி. கன்றிலிருந்து வளர்த்த மாடு. என் பேச்சைக் கேட்டு அடிமாட்டுக்காரனிடம் கயிற்றைக் கொடுத்துவிட்டு, துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதான். அவன் முகத்தில் நான் எப்படி விழிப்பேன்?

சித்திரைத் திருவிழாவுக்கு ஊரே மதுரை வரும். பொருட்காட்சிக்குள் நுழையாமல் ஒருவனும் திரும்பமாட்டான். நுழைந்தவுடன் முதல் படம் என்கிறாய். விரலகல இடம்தானே, பசுபதி. அழித்துவிடு.

உன்,
உக்கிரபாண்டி

----

கோச்சடை
4-4-1981

உக்கிரபாண்டிக்கு,

அழித்துவிட்டேன்.

விரலகல இடம் என்று எழுதினாய். என் இரண்டு வருடமும் அந்த விரலகலத்தில்தான் இருந்தது. முதலில் சுழியை மட்டும் வழித்துச் சமமாக்கிப் பார்த்தேன். தொடை முழுவதும் பலகையாகிவிட்டது. அதைச் சரிசெய்ய முதுகில் கை வைத்தேன், முதுகும் போயிற்று. கடைசியில் எனக்கு நன்றாக வரைய வருகிற ஒன்றை அதன் மேல் போட்டு மூடினேன். சாக்கு.

மலையாண்டி பார்த்தார். "சாக்கு நல்லா வந்திருக்கு சார்" என்றார். சுவரை நிரப்ப வேண்டும் என்பதால் மாட்டப்போகிறார்கள். வாசலில் அல்ல, கடைசி மூலையில், தீயணைக்கும் மணல் வாளிகளுக்கு மேலே.

உன் பெயர் தப்பித்தது. சந்தோஷமாக இரு. எவனோ அப்பிய சாணிக்கு நீ ஒரு வருடம் சாக்குப் போட்டாய். நீ போட்ட சாக்குக்கு நான் பெயின்ட் அடித்திருக்கிறேன். படித்த இரண்டு பேர் சேர்ந்து செய்திருக்கிற காரியம் இது.

நான் இனி ஞாயிறு வரமாட்டேன். பதிலும் எழுத வேண்டாம். பழக்கூடை வகுப்பில் பெயர் கொடுத்துவிட்டேன். பழங்கள் அசைவதில்லை. அவற்றின் சொந்தக்காரர்களும் கடிதம் எழுதுவதில்லை.

அன்னக்கொடிக்கு என் அன்பைச் சொல்.

பசுபதி

----

கொட்டாம்பட்டி
27-4-1981

அன்புள்ள பசுபதி,

பதில் எழுதாதே என்றாய். எழுதுகிறேன். கிழிப்பதானால் படித்துவிட்டுக் கிழி.

அழகர் ஆற்றில் இறங்கிய மறுநாள் பொருட்காட்சிக்குப் போனோம். நான், அன்னக்கொடி, கருத்தக்கண்ணன், பேயாண்டி, இன்னும் ஏழெட்டுப் பேர். மணல் வாளிப் பக்கம் போகாமல் எல்லோரையும் ராட்டினத்துக்குத் திருப்பப் பார்த்தேன். கருத்தக்கண்ணன் எட்டிப் பார்த்துவிட்டான்.

"அண்ணே! நம்ம காளை!"

"எப்படிடா சொல்ற?" என்றேன். உன் ஓவியத்தின் மேல் எனக்கு அவ்வளவு நம்பிக்கை.

"பங்குனி வெயில்ல சாக்குப் போத்திக்கிட்டு நிக்கிற மாடு இந்த ஜில்லாவுல வேற எதுண்ணே?"

எல்லோரும் சிரித்தார்கள். பேயாண்டி மட்டும் படத்தின் பக்கத்தில் போய்ப் பார்த்தான். பிறகு என்னிடம் வந்து, அடுத்தவருக்குக் கேட்காதபடி, "படத்துலயுமாண்ணே மறைக்கணும்?" என்றான்.

அவர்களுக்குத் தெரியும். போன ஆடியிலிருந்தே தெரியுமாம். கண்மாயில் நான் குளிப்பாட்டும்போது பார்த்திருக்கிறார்கள். "நீங்க சங்கடப்படுவீகன்னு ஒருத்தரும் பேசிக்கிறலண்ணே" என்றான் கருத்தக்கண்ணன். அதற்குப் பிறகும் நாலு பேர் என்னைக் கூப்பிட்டு மாட்டுக்குச் சுழி பார்த்தார்கள். நானும் அவர்கள் முகத்துக்கு நேரே ஆகும், ஆகாது என்று சொல்லிவிட்டு, கொடுத்த மோரைக் குடித்துவிட்டு வந்தேன். அந்த மோரை நினைத்தால் இப்போது புரையேறுகிறது.

பேயாண்டி தன் மாட்டைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசியிருந்தால் ஏதாவது பதில் சொல்லித் தப்பித்திருப்பேன். பஸ்ஸில் மேலூர் வரைக்கும் என் பக்கத்தில்தான் உட்கார்ந்திருந்தான். கடலை வாங்கி எனக்கும் பாதி கொடுத்தான்.

அன்னக்கொடியிடம், "அன்னிக்கு நீ ஏன்டி சாக்கை எடுத்த?" என்று கேட்டேன். "வரையிறவரு மாட்டப் பாக்க வந்தாரா, சாக்கப் பாக்க வந்தாரா?" என்றாள். இவளையும் அந்த மாலை வகுப்பில் சேர்த்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்தவுடன் சாக்கை எடுத்துவிட்டேன். உரசி உரசி முதுகில் இரண்டு இடத்தில் மயிரே இல்லை. நான் மாட்டு வைத்தியமும் தெரிந்தவன் என்று ஊரில் பேச்சு. மஞ்சளும் வேப்பெண்ணெயும் போட்டிருக்கிறேன். காளை ரொம்ப நேரம் தலையைத் திருப்பித் தன் முதுகையே பார்த்தது.

பொருட்காட்சி முடிந்ததும் படத்தைக் கழற்றிக்கொண்டு வா. கோபத்தோடு வருவதானாலும் வா, கத்தரிக்காய் இருக்கிறது. சாக்கைச் சுரண்டி எடுக்க முடியுமா, முதலிலிருந்து வரைய வேண்டுமா என்பது உன் தொழில், எனக்குத் தெரியாது. சுழி எந்த இடம், எந்தப் பக்கம் திரும்பியிருக்கிறது என்று நானே விரல் வைத்துக் காட்டுகிறேன். பேயாண்டியையும் வரச் சொல்லியிருக்கிறேன். அவன் எதிரில்தான் காட்டப்போகிறேன்.

காளை அசையாமல் நிற்கும் என்று என்னால் உறுதி சொல்ல முடியாது. நான் நிற்பேன்.

உன்,
உக்கிரபாண்டி