தேவாரத்துக்குப் பதிலாக ராக்

சனிக்கிழமை, இரவு.

இன்று வானொலியில் ஒரு குறும்பு செய்துவிட்டேன். எல்லாம் நேற்றுப் பார்த்த படத்தால் வந்தது. அறுபதுகளில் அரசாங்கம் முகம் சுளித்த ராக் பாட்டுகளைக் கப்பலில் இருந்து ஒலிபரப்பும் அடங்காப்பிடாரிகளின் கதை. சிரித்து வயிறு நொந்துவிட்டது. கணவர் பாதியிலேயே தூங்கிவிட்டார்.

எங்கள் ஊர் மனுகாவ் வானொலியில் எங்கள் தமிழ்ச் சங்கத்தின் சனிக்கிழமை நிகழ்ச்சியை நான்கு வருடமாகத் தேவாரத்தோடுதான் தொடங்குகிறேன். இன்று காலை தேவாரத்துக்குப் பதிலாக ஒரு பழைய ராக் பாட்டைப் போட்டேன். கிட்டார் அலறியது. நான் எழுந்து ஆடினேன்!

உடனே சங்கச் செயலாளரின் ஃபோன். "என்ன பிள்ளை கூத்து இது? திங்கட்கிழமை கமிட்டிக்கு வந்து விளக்கம் சொல்லும்."

அடுத்து நகரின் மறுகோடியில் உள்ள ஆல்பனியிலிருந்து ஒரு நர்ஸ். "அக்கா, சூப்பர்! காரை ஓரமா நிறுத்திட்டுக் கேட்டேன். இன்னொரு தடவை போடுங்களேன்."

போட்டேன். நிகழ்ச்சியே பறிபோகலாம், ஆனாலும் போட்டேன்.

கணவர் ஒவ்வொரு சனியும் வேலையிடத்தில் தவறாமல் கேட்பதாகச் சொல்வார். அவர் வீட்டுக்கு வந்ததும் வாசலுக்கே ஓடினேன்.

"இண்டைக்கு என்ர நிகழ்ச்சி கேட்டனீங்களோ?"

"ஓம், ஓம். தேவாரம் நல்ல உருக்கமாய் இருந்தது."