நாமக்கோழி

கார்த்திகை 9, புதன்.

பெரிய பேரன் சிங்கப்பூரில் இன்ஜினியர். சின்னவன் பேங்க் பரீட்சையில் தேறிவிட்டான். பேத்தி கயல் காலேஜில் விலங்கியலில் முதலாவது. அவள்தான் இன்று என்னை நோகடித்துவிட்டாள்.

மொட்டை மாடியில் கறுப்புப் பறவை ஒன்று செத்துக் கிடந்தது. கயல் செல்லைப் பார்த்து, “நீர்க்காகம் அப்பாயி” என்றாள்.

“அதுக்கு மூக்கு நுனி வளைஞ்சிருக்கும்டி. இது நாமக்கோழி. நெத்தியில வெள்ளை நாமத்தைப் பாரு” என்று சொல்லி, ஒன்றோடொன்று ஒட்டாத அதன் கால்விரலையும் விரித்துக் காட்டினேன். குத்தாலத்துக் குளத்தில் எத்தனை பார்த்திருக்கிறேன். அவள் அப்படியே படம் எடுத்துக்கொண்டாள்.

சாயங்காலம் குடும்ப வாட்ஸப்பில், “இது நாமக்கோழி, நானே கண்டுபிடித்தேன்” என்று போட்டிருக்கிறாள். எல்லோரும் பாராட்டுகிறார்கள். படத்தில் என் கை இல்லை. கேட்டால், “சுருங்கிப்போன கை அப்பாயி, நல்லா இல்ல, வெட்டிட்டேன்” என்கிறாள்.

பறவையைப் புதைத்தாயிற்று. ஆனாலும் நாளைக்கு வேறு படம் போடச் சொல்ல வேண்டும். நான் மட்டும் இருந்தால் போதும்.