கீழே இருந்த கோடு

அன்பு மகனுக்கு,

அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் உடம்பளவில் சுகமாக இருக்கிறோம். நீயும் மருமகளும் பேரனும் அங்கே ஒரு குறையும் இல்லாமல் இருக்கவேண்டும் என்பதே எங்கள் நினைப்பு. வாராவாரம் போனில் பேசுகிறவர் எதற்குக் கடிதம் எழுதுகிறார் என்று நினைப்பாய். போனில் சொல்ல மூன்று தடவை வாயெடுத்தேன், இருமி மழுப்பிவிட்டேன். நீயும் சளி பிடித்திருக்கிறதா என்று கேட்டாய், ஆமாம் என்று சொல்லிவிட்டேன்.

உன் தங்கை விஷயம்தான். மூன்று மார்க்கில் வங்கித் தேர்வு போனதும், சலுகை எல்லாம் சேர்த்தும் வயது வரம்பு இத்தோடு முடிந்ததும் உனக்குத் தெரியும். அவள் எப்படிப் படித்தாள் என்பது உனக்கு அவ்வளவாகத் தெரியாது. பதினேழு வயதில் பார்வை போனதிலிருந்து அவளுடைய போன்தான் எல்லாவற்றையும் வாசித்துக் காட்டும், ஆனால் ரீசனிங் புத்தகத்தில் இந்தப் பெரியது சிறியது கணக்கு வந்தால் மட்டும் அது உளறும், குறிகளை விழுங்கிவிடும். உன் அம்மாவுக்கு ஆங்கில எழுத்து பழக்கமில்லை. அதனால் கிடங்கு வாசலில் லாரி நம்பர் எழுதிவிட்டு வந்து, காப்பியைக் குடித்ததும் சாயங்காலம் ஒரு மணி நேரம் நான்தான் படித்துச் சொல்வேன். ஏ பெரியது பி, பி சமம் சி, முடிவு ஒன்று ஏ பெரியது சி, முடிவு இரண்டு ஏ சமம் சி என்று நான் சொல்லி முடிப்பதற்குள் முதல் முடிவு மட்டும் சரி என்பாள். புத்தகத்தின் பின்பக்கத்தைப் பார்த்தால் இரண்டில் ஏதோ ஒன்று சரி என்று இருக்கும். தப்பும்மா என்பேன். சில கணக்கு சரியாக வரும், சிலது வராது, ஏன் என்று அவளுக்கும் புரியாது எனக்கும் புரியாது. ஒருநாள் அவளே, பெரியதுன்னா பெரியதுதானேப்பா, சமம் எங்கிருந்து வரும், குறிக்குக் கீழே ஒரு கோடு இருக்கான்னு நல்லா பாருங்க என்று கேட்டாள். கோடு இருந்தால் பெரியதாகவும் இருக்கலாம் சமமாகவும் இருக்கலாம் என்று அர்த்தமாம். நான் பக்கத்தை ஜன்னலோரம் கொண்டுபோய்ப் பார்த்தேன். மங்கலாகத்தான் தெரிந்தது. இல்லம்மா, கோடு கீடு ஒண்ணுமில்ல என்று சொன்னேன்.

அதோடு அவள் கேட்பதை விட்டுவிட்டாள். எனக்கு மண்டையில ஏறலைப்பா என்று சிரித்துக்கொண்டே சொல்வாள். தேர்வில் படித்துச் சொல்ல ஒரு பெண்ணைக் கொடுத்தார்களாம், நல்ல தெளிவான குரலாம். இந்தக் கணக்கு ஐந்து வந்ததும், தப்பாய்ப் போட்டால் மார்க் குறைப்பார்களே என்று பயந்து, ஐந்தையும் தாண்டிப் போகச் சொல்லியிருக்கிறாள். ஐந்து மார்க். போனது மூன்றில்.

முடிவு வந்த வாரம் நீ போனில், அவளுக்கு இதெல்லாம் சரிப்படாதுப்பா, விட்டுடச் சொல்லுங்க என்றாய். ஸ்பீக்கரில் போட்டிருந்தேன். அவள் பக்கத்தில்தான் துணி மடித்துக்கொண்டிருந்தாள். மடிக்கிற கை நிற்கவில்லை. அன்று மாலையே புத்தகங்களை எல்லாம் கயிறு போட்டுக் கட்டி, பழைய பேப்பர்காரர் வந்தால் போட்டுவிடுங்கள் என்று வாசலோரம் வைத்துவிட்டாள்.

பிறகு என் கதை. கிடங்கில் ஒரு லாரி நம்பரை மாற்றி எழுதி, சரக்கு வேறு ஊருக்குப் போய்த் திரும்பி வந்தது. மேலாளர் நல்ல மனிதர், திட்டாமல் கண் மருத்துவமனைக்கு அனுப்பினார். இரண்டு கண்ணிலும் புரை முற்றியிருக்கிறது, இத்தனை நாள் எப்படிச் சமாளித்தீர்கள் என்று டாக்டரம்மா கேட்டார். சமாளிக்கவில்லை, மறைத்தேன், வேலை போய்விடுமோ என்ற பயம். ஒரு கண்ணுக்கு ஆபரேஷன் முடிந்து கட்டுப் பிரித்து வீட்டுக்கு வந்ததும், உனக்கு எப்போது இவ்வளவு நரைத்தது என்று உன் அம்மாவைக் கேட்டு நன்றாக வாங்கிக் கட்டிக்கொண்டேன். பேப்பர்காரர் அதுவரை வரவில்லை. சும்மா இருக்கமாட்டாமல் அந்தப் புத்தகக் கட்டை அவிழ்த்து மேலே இருந்த புத்தகத்தைப் பிரித்தேன். கோடு இருந்தது மகனே. குறிக்குக் கீழே, மயிரிழை மாதிரி, அவள் தப்பாகச் சொன்னாள் என்று நான் பெருக்கல் போட்டு வைத்த ஒவ்வொரு கணக்கிலும் இருந்தது. அவள் ஒன்றைக்கூடத் தப்பாகச் சொல்லவில்லை. நான் படித்ததற்கு அவள் சொன்ன பதில்தான் சரி.

ஒன்பது நாள் வாயைத் திறக்கவில்லை. உன் அம்மாவுக்குக்கூடச் சொல்லவில்லை. சாப்பாடு இறங்கவில்லை, ஆபரேஷன் அசதி என்று நினைத்துக்கொண்டார்கள். பத்தாம் நாள் காலையில் அவள் கையைப் பிடித்து உட்காரவைத்துச் சொல்லிவிட்டேன். புத்தகத்தைத் தடவி எடுத்து என் மடியில் வைத்தாள். பிறகு, ஒண்ணு படிங்க என்றாள். படித்தேன், கோட்டோடு படித்தேன். சட்டென்று சொன்னாள், சரியாக இருந்தது. இன்னொன்று, அதுவும் சரி. அப்படிப் பதினோரு கணக்கு. அப்புறம், அப்போ நான் மக்கு இல்லையாப்பா என்று கேட்டாள். அழுதேன். அவள் அழவில்லை. சத்தம்கூட உயர்த்தாமல், கண்ணு தெரியலைன்னு சொல்றதுக்கு இந்த வீட்ல என்னப்பா வெட்கம் என்றாள்.

அதற்குப் பிறகு பேசுகிறாள், மருந்து விடும் நேரத்தை நினைவுபடுத்துகிறாள், எல்லாம் செய்கிறாள். ஆனால் எதையும் என்னைப் படிக்கச் சொல்வதில்லை. நேற்று மாத்திரை அட்டையைப் படிக்க எதிர்வீட்டு டீச்சரைக் கூப்பிட்டாள். நான் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தேன்.

மறு கண்ணுக்கு அடுத்த மாதம் ஆபரேஷன், அதற்காக நீ லீவு போட்டு அலையவேண்டாம். ஒன்றே ஒன்று செய். இந்த ஞாயிறு போன் பண்ணினால் என்னிடம் பேசாதே, அவளைக் கூப்பிடு. சரிப்படாது என்று நீ சொன்னாயே, அதைத் திரும்ப வாங்கிக்கொள். எனக்காகப் பரிந்து மட்டும் பேசாதே. மருமகளுக்கும் பேரனுக்கும் எங்கள் ஆசி. பேரன் கிட்டத்தில் போய் டிவி பார்க்கிறான் என்றாயே, உடனே கண் டாக்டரிடம் காட்டு, தள்ளிப்போடாதே. நீங்கள் மூவரும் நீண்ட ஆயுளோடு நன்றாக இருக்கவேண்டும்.

இப்படிக்கு,
உன் அப்பா