தாத்தாவிடம் சொல்லாமல் வந்த கழகம்

ஏப்ரல் 2
இன்றும் சொந்த மைதானத்தில் தோல்வி, 0–2. 'சொந்த' என்று எழுதவே கை கூசுகிறது. தாசாம் ஊரில் நாற்பத்தொரு வருடம் ஆடிய கால்பந்துக் கழகத்தை வீரயுத் முதலாளி விலைக்கு வாங்கி, பேரை மாற்றி, மூட்டை கட்டி இந்தக் கடலோர நகரத்துக்குக் கொண்டுவந்துவிட்டார். வெளியூரில் ஜெயிக்கிறோம். இங்கே ஒன்றுகூட இல்லை. பதினாறு அணிகளில் பதினான்காவது இடம். எதிரணி போடுகிற கோலையெல்லாம் ஒலிபெருக்கியில் அறிவிக்கிற பாவம் என்னுடையது.

ஏப்ரல் 6
கோல்கீப்பர் வேறு யாருமில்லை, என் தம்பி கொங். சாப்பிடும்போது கேட்டான்: "அக்கா, கெளம்பறப்ப தாத்தாகிட்ட சொன்னியா?"

"பேசாம சோத்தத் தின்னு" என்றேன்.

சொல்லவில்லை. தாசாமில் வடக்கு கோலுக்குப் பின்னால், கம்பத்தின் மேல் ஒரு சின்னச் சாமி வீடு. மைதானத்தைக் காக்கிற சாமி, எங்களுக்கெல்லாம் 'தாத்தா', அதில்தான் இருக்கிறார். ஒவ்வொரு ஆட்டத்துக்கு முன்பும் மாலை போட்டு, சிவப்புச் சோடாவை ஸ்ட்ராவோடு வைத்து, 'இன்னிக்கு வர்றது இன்னார், நம்ம பசங்க நீலச் சட்டை' என்று சொல்வது என் வேலை. ஊரைவிட்டு வந்த அன்று அவரிடம் ஒரு வார்த்தை சொல்லிவிட்டு வருகிறேன் என்றேன். "வண்டி நிக்குது நிரமோன். அங்க போய்ப் புதுசா ஒண்ணு கட்டிக்கலாம்" என்றார் முதலாளி. இதுவரை கட்டவில்லை.

அவர் இன்னும் எங்களை எதிர்பார்த்துக்கொண்டிருப்பாரோ?

ஏப்ரல் 20
கடைசி இரண்டு அணிகள் கீழ்ப்பிரிவுக்கு இறங்கும். "எறங்கினா கடையச் சாத்திடுவேன்" என்று முதலாளி பத்திரிகைக்காரர்களிடமே சொல்லிவிட்டார். கடைசி ஆட்டம் வெளியூரில். எதிரணியின் மைதானம் தோண்டிப்போட்டுக் கிடக்கிறதாம். வாடகைக்குப் பிடித்திருக்கிறார்கள் — தாசாமை!

மே 3
கடைசி ஆட்டத்தைச் சமன் செய்தால் போதும். தப்பித்துவிடுவோம்.

மே 10
தாசாம். காவலாளி பான் பெரியப்பா வாசலிலேயே ஆரம்பித்துவிட்டார். "வாங்க வாங்க. விருந்தாளிங்க ரூம் அந்தப் பக்கம்."

கேலரிக்கு மேலே பழைய தரவரிசைப் பலகை. ஒவ்வொரு அணிக்கும் ஒரு தகரம், இடத்துக்கு ஒரு ஆணி. நாங்கள் ஊரைவிட்டுப் போனபோது எங்கள் தகரம் ஆறாவது ஆணியில் தொங்கியது. இப்போது பதினைந்தாவதில்.

"யாரு பெரியப்பா மாத்தினது?"

"யாரு ஏறுவா? ஏணியக்கூட உங்க மொதலாளி தூக்கிட்டுப் போயிட்டாரே."

பதினைந்து இன்னும் ஆகவில்லை. நாங்கள் பதினான்குதான்.

சோடாவை வைத்து ஊதுவத்தி ஏற்றினேன். "எங்ககூட வந்துடுங்க தாத்தா." அணைந்தது. இலைகூட அசையவில்லை. மறுபடி ஏற்றினேன். மறுபடி அணைந்தது. எனக்குக் கோபம் தலைக்கேறிவிட்டது. "வரமாட்டீங்கன்னா எங்களையாவது இங்கயே வெச்சுக்குங்க!" என்று கத்திவிட்டேன்.

ஊதுவத்தி தானாகப் பற்றிக்கொண்டது.

மே 11
எப்படி எழுதுவது? ஒன்றுக்கு ஒன்று. முடிய இரண்டே நிமிடம். சாதாரணப் பந்து, கொங் நெஞ்சோடு பிடித்துவிட்டான். பிடித்தவன் திரும்பிப் பின்னால் பார்த்தான், சாமி வீட்டுப் பக்கம். பிறகு பந்தோடு நடந்து, கோட்டைத் தாண்டி, வலைக்குள் போய் நின்றான். 1–2. பதினைந்தாவது இடம். இறங்கிவிட்டோம்.

பஸ்ஸில் அழுதான். "யாரோ பேரச் சொல்லிக் கூப்பிட்டாங்கக்கா. 'போதும், வீட்டுக்கு வா'ன்னு."

மே 26
சொன்னபடியே முதலாளி கடையைச் சாத்திவிட்டார்.

ஜூலை 14
தாசாம்காரர்கள் விடுவார்களா? பழைய பேரிலேயே கழகத்தைப் பதிந்துவிட்டார்கள், அடிமட்டப் பிரிவில். நானும் கொங்கும் ஊருக்கே திரும்பிவிட்டோம். பட்டியலில் எங்கள் பேருக்கு நேரே எல்லாம் பூஜ்யம். அதைப் பார்த்து சந்தோஷத்தில் அழுதேன், வெட்கமில்லாமல். அந்த ஒரு கோலை மன்னித்து, பாங்காக் கழகம் ஒன்று கொங்கைக் கூப்பிட்டிருக்கிறது. சின்ன வயதிலிருந்து அவன் கண்ட கனவு.

ஜூலை 17
பாங்காக்குக்குக் கிளம்பிய கொங் பாதி வழியில் இறங்கித் திரும்பி வந்துவிட்டான். "பஸ்லயும் கூப்பிடுறாருக்கா" என்கிறான்.

ஜூலை 29
இரண்டாம் முறை அனுப்பினேன். அதே கதை. சாப்பாடும் மைதானத்திலேயே. தூங்கத்தான் வீட்டுக்கு வருகிறான்.

நான் என்ன கேட்டேன்? 'எங்களை வெச்சுக்குங்க' என்று கழகத்தைத்தானே சொன்னேன்?

ஆகஸ்ட் 9
முதல் ஆட்டம். டிக்கெட் இல்லாமல் சுவரில் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள் பாதிப் பேர். இன்னும் ஒரு பந்துகூட உதைக்கவில்லை. பலகையில் எங்கள் தகரம் முதல் ஆணியில். பெரியப்பாவிடம் நான் எதுவும் கேட்கவில்லை.

சோடாவை வைத்தேன். "நான் எங்கயும் போகமாட்டேன் தாத்தா. தம்பிய மட்டும் விட்டுடுங்க" என்றேன், உதடு மட்டும் அசைய.

ஊதுவத்தி அணைந்தது.

கொங் கோலில் நின்று கையுறை மாட்டிக்கொண்டிருந்தான். திரும்பாமலே, "சரிங்க தாத்தா" என்றான்.

போய் மைக்கை எடுத்து அணியின் பேர்களை வாசித்தேன். கோல்கீப்பர், கொங். கூட்டம் கை தட்டும் முன்பே வடக்குப் பக்கத்திலிருந்து ஒருவர் கை தட்டினார். அந்தப் பக்கம் கேலரி கிடையாது, சாமி வீடு மட்டும்தான்.